நடை இன்றே, சுமை அப்புறம்

லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரிகள் மட்டுமே தெரியும். வீட்டிலோ இரண்டு விதமான பேச்சு. "பச்சை உடம்பு, கட்டிலை விட்டு இறங்காதே" என்பார் மாமியார். "ஓட்டை போட்டுத்தானே எடுத்தாங்க, நாலு நாள்ல சரியாயிடும்" என்பார் கணவர். இரண்டையுமே கேட்க வேண்டாம். நடையை உடனே தொடங்க வேண்டும். சுமை தூக்க வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

படுத்தே கிடக்கச் சொல்லும் வழக்கம், விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து ஆபரேஷன் செய்த காலத்தில் வந்தது. அப்படிக் கிழித்துப் பித்தப்பையை எடுக்கும் முறையை 1882இல் பெர்லினில் டாக்டர் லாங்கன்புக் தொடங்கிவைத்தார். 1985இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். சிகிச்சை மாறிவிட்டது, நம் வீட்டு அறிவுரைதான் இன்னும் மாறவில்லை.

இந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி இடம் உண்டாக்குகிறார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது உதரவிதானத்தை உறுத்த, வலியோ தோள்பட்டையில் தெரியும். மாரடைப்போ என்று பலர் பயந்துபோகிறார்கள். பொதுவாக இரண்டு மூன்று நாளில் அது அடங்கிவிடும். மூச்சுத்திணறலோ நெஞ்சை அழுத்தும் வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

எழுந்து நடந்தால் குடல் சீக்கிரம் இயங்கும், கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். டாக்டர் அனுமதித்தால் ஆபரேஷன் நடந்த அன்று மாலையே நாலடி நடக்கலாம். பிறகு வீட்டுக்குள், வாசலில், தெருமுனை வரை என்று ஐந்து பத்து நிமிட நடையாகப் பலமுறை. மாடிப்படியும் ஏறலாம், நிதானமாக. எழும்போது மல்லாந்தபடி எம்பாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் தொப்புள். நான்கு துளைகளில் அங்கே போடுவது பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். பலருக்குப் பித்தப்பை வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். கல் பெரிதாக இருந்தால் துளையை இன்னும் அகலப்படுத்துவார்கள். மேல்தோல் பத்து நாளில் கூடிவிடும். அடியில் இருக்கும் வலுவான சவ்வு கெட்டிப்பட வாரங்கள் ஆகும். அதற்குள் முக்கித் தூக்கினால் தையல் விட்டு, அந்த இடத்திலேயே குடலிறக்கம் வரலாம்.

நம் வீடுகளில் ஆபத்து ஜிம்மில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுக் குழந்தையும் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். பித்தக்கல் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இவற்றைத் தூக்குவதும் அவர்களே. முதல் இரண்டு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காமலிருப்பது நல்லது. மலச்சிக்கலில் முக்குவதும் தையலுக்குப் பகைதான்.

மேஜை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். டூவீலரை, மயக்கம் தரும் வலிமாத்திரை நின்று, சட்டென்று பிரேக் அழுத்தினாலும் வயிறு வலிக்காத நிலை வந்த பிறகே எடுக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போடுவதை இன்னும் தள்ளிவையுங்கள். சூரிய நமஸ்காரம், சிட்-அப், பளு தூக்குதல், கிரிக்கெட், மூட்டை சுமக்கும் வேலை எல்லாவற்றுக்கும் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். தொப்புளில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல், கண் மஞ்சளாவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, துளையில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் – இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் தவறாமல் கேளுங்கள்: எத்தனை கிலோ வரை தூக்கலாம், எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்? பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லி, வீட்டில் எல்லோரையும் படிக்க வையுங்கள்.