சொல்லைப் படமாக்கும் கருவியும் தமிழ் மாணாக்கரும்

எழுதிய தொடரைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு எட்டியுள்ளன. பள்ளிப் பயிற்றிகளிலும் விழா அழைப்பிதழ்களிலும் அவற்றின் படங்களைக் காண்கிறோம். அக்கருவிக்கு நாம் இடும் கட்டளைத் தொடரைப் 'பிராம்ப்ட்' என்பர். அதனைச் செம்மையுற அமைப்பது ஒரு மொழிப்பயிற்சியே ஆகும்.

இத்தகைய கருவி, படமும் அதற்குரிய குறிப்பும் இணைந்த திரளிலிருந்து கற்கிறது. 2022இல் வெளியான 'லயான்' என்னும் திரளில் ஏறத்தாழ 585 கோடி இணைகள் இருந்தன. அவற்றுள் 232 கோடி ஆங்கிலக் குறிப்புடையவை. தமிழின் பங்கு மிகச் சிறிது. ஆதலின் நம் பொருள்களைப் பெயரளவில் சுட்டினால் போதாது. 'விளக்கு' என்றால் மேசை விளக்கும் வரக்கூடும். குத்துவிளக்கு வேண்டுவோர், பித்தளை, வட்ட அடித்தட்டு, நிமிர்ந்த தண்டு, ஐந்து முகம், முகந்தோறும் எரியும் திரி என உறுப்புறுப்பாக உரைத்தல் வேண்டும்.

'பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கடை' என்னும் தொடரை நோக்குக. மாலை என்பது பூமாலையா, பொழுதா? இங்குத் தொல்காப்பியரின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு நமக்குத் துணையாகும். முதற்கண் நிலமும் பொழுதும்: ஜாலான் துன் சம்பந்தன், மழை ஓய்ந்த அந்தி. சாலைப் பெயரைக் கருவி அறியாதிருக்கலாம்; எனவே 'தூண்வரிசை நடைபாதையுடைய பழைய கடைவீடுகள்' எனச் சேர்க்க. அடுத்துப் பொருள்கள்: தொங்கும் மல்லிகைச் சரம், செவ்வந்தி மாலை. பின்னர் ஒழுக்கம்: முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்து பூத்தொடுக்கிறார். இறுதியில், ஒளிப்படமா ஓவியமா, எக்கோணத்திலிருந்து காண்பது என்பன.

எதிர்மறையில் விழிப்புத் தேவை. 'ஆள் இல்லாத கடை' என எழுதினால், 'ஆள்' என்னும் சொல்லே ஓர் உருவத்தைக் கொணர்ந்துவிடலாம். 'பூட்டிய கடை, வெறிச்சோடிய நடைபாதை' என உடன்பாட்டில் கூறுவது நன்று. சில கருவிகளில் விலக்க வேண்டியவற்றை எழுதத் தனியிடம் உண்டு.

பிழையான படம் பாடநூலில் ஏறினால், அப்பொருளை நேரில் காணாத குழந்தைக்கு அப்படமே மெய்யாகிவிடும். பிழையைக் கண்டு திருத்த, உறுப்புகளின் பெயர் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆகவே ஆசிரியர்கள் மாணாக்கரை முதலில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துச் செல்க. கடைக்காரரிடம் பொருள்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துவரச் செய்க. கட்டளைத் தொடரை அதன்பின் எழுதட்டும்.