ஆங்கிலம் கற்போரும் ஆங்கிலேயர் வழக்கும்

உயர்கல்வியின் பொருட்டு இலங்கையிலிருந்து இங்கிலாந்து சென்ற தமிழ் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஆங்கில இலக்கணத்தில் அவன் நன்கு தேர்ந்தவன். புகைவண்டியில் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி அவனை நோக்கி, 'வுட் யூ மைன்ட் ஓபினிங் த விண்டோ?' என்று வினவுகிறார். உதவும் விருப்பத்தோடு அவன் 'யெஸ்' என்று விடையிறுக்கிறான். மூதாட்டியின் முகம் மாறுகிறது. யன்னலைத் திறப்பதில் உமக்கு ஏதும் தடையுண்டோ என்பதே அவர் கேட்டது. ஆம், தடையுண்டு என்பதே அவன் சொன்ன விடை. அவன் எழுந்து யன்னலைத் திறந்த பின்னரே அவர் உள்ளம் தெளிகிறது.

அவன் சொன்ன விடையில் இலக்கண வழு யாதுமில்லை. எனினும் கேட்டவர் மனம் ஒரு கணம் புண்பட்டது. புதிய நாட்டில் வேலையும் உறைவிடமும் நட்பும் தேடும் ஒருவனுக்கு இவ்வாறான சிறு பிழைகள் பெருந்தடையாகி விடுவதுண்டு. பரீட்சையில் சித்தியடைந்தவனே இவற்றில் அதிகம் இடறுகிறான் என்பது வியப்பன்று. தான் பிழைவிட்டதை அவன் அறிவதேயில்லை.

எதிர்மறை வினாவிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 'நீ சாப்பிடவில்லையா?' என்று கேட்டால், 'ஓம், சாப்பிடவில்லை' என்பது தமிழர் விடை. கேட்டவர் கருதியது சரியென்று தமிழ் உடன்படுகிறது. ஆங்கிலமோ கேட்டவரின் கருத்தைப் பொருட்படுத்தாது செயலையே நோக்குகிறது; உண்ணவில்லையாயின் விடை 'நோ' என்பதே. இன்னும், 'அல்லவா' என்னும் ஒரு சொல்லைத் தமிழில் எவ்வாக்கியத்தின் இறுதியிலும் சேர்த்துவிடலாம். ஆங்கிலத்திலோ 'ஹீ கான் ஸ்விம்' என்றால் 'கான்ட் ஹீ' என்றும், 'ஷீ வென்ட்' என்றால் 'டிடன்ட் ஷீ' என்றும் வாக்கியத்துக்கேற்ப வாலும் மாறும். நம்மவர் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' என்று கூறுவது தமிழ் 'அல்லவா'வின் நிழலேயாகும்.

இவற்றைப் பழைய பாடநூல்கள் போதியவாறு விளக்காமைக்குக் காரணம் உண்டு. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ரொபேட் லோத் என்பவரும், 1795இல் வெளியிட்ட லின்ட்லி மறே என்பவரும் இலத்தீன் இலக்கண மரபைத் தழுவியே எழுதினர். மறே அமெரிக்காவிற் பிறந்த வழக்கறிஞர்; யோர்க் நகரின் அருகே குடியேறி, அங்கிருந்த பெண்கள் பாடசாலை ஒன்றுக்காகவே தம் நூலை ஆக்கினார். அது கடல் கடந்தும் பரவியது. முன்னிடைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்றல் பேச்சு வழக்கில் உண்டென்று லோத் ஒப்புக்கொண்டிருந்தார். உயர்ந்த நடைக்கு அது பொருந்தாது என்பதே அவர் கருத்து. பின்வந்த ஆசிரியர் சிலர் அதனைப் பெருங்குற்றமாக்கிப் பிரம்பும் எடுத்தனர்!

தமிழ் மாணவனுக்கு இவ்விடத்தில் நன்னூல் கைகொடுக்கும். பவணந்தி முனிவர் வழக்கை இயல்பென்றும் தகுதியென்றும் பிரித்து, மரூஉ, குழூஉக்குறி முதலியவற்றுக்கும் இலக்கணத்துள் இடமளித்தார். 'அருமருந்தன்ன' என்பது 'அருமந்த' என மருவியது போலவே, 'கடவுள் உம்முடன் இருப்பாராக' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் தேய்ந்து 'குட்பை' ஆயிற்று. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது போன்ற குழூஉக்குறி இலண்டன் மாநகரின் தெரு வணிகரிடமும் இருந்தது. 'ஸ்டெயர்ஸ்' என்னும் படிக்கட்டுக்கு அவர்கள், அதனோடு ஓசை ஒக்கும் 'அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ்' என்பதை வழங்கினர். 'ஹெட்' என்னும் தலைக்கு 'லோஃப் ஒவ் பிரெட்' என்றனர். பின் ஓசை ஒத்த 'பிரெட்' என்னும் சொல்லையே விட்டுவிட்டனர். ஆதலின் 'யூஸ் யுவர் லோஃப்' என்று எவரேனும் கூறின் பாண் துண்டைத் தேடவேண்டியதில்லை. மூளையைப் பயன்படுத்து என்பதே பொருள். இவ்வகைச் சொற்களை ஜோன் கம்டன் ஹொட்டன் 1859இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலே காணலாம்.

கொச்சைச் சொல்லுக்கும் இலக்கணம் உண்டு. பவுணைக் குறிக்கும் 'குவிட்' பன்மையிலும் உருமாறாது. 'ஃபைவ் குவிட்' என்பதே வழக்கு. சில்லிங்கைக் குறித்த 'பொப்' என்பதும் அவ்வாறே நின்றது. 1971 பெப்ரவரி 15இல் இருபது சில்லிங் ஒரு பவுண் என்ற பழைய கணக்கு நீங்கித் தசம நாணயம் வந்தபின், 'பொப்' பழங்கதைகளில் மட்டும் எஞ்சியது. 'குவிட்' இன்றும் வாழ்கிறது.

ஒரு நாட்டின் விழாவே சொல்லாக மாறுவதும் உண்டு. 1605 நவம்பர் 5ஆந் திகதி, பாராளுமன்றத்தின் கீழே முப்பத்தாறு பீப்பாய் வெடிமருந்துடன் கை ஃபோக்ஸ் என்பவன் பிடிபட்டான். அரசன் தப்பியதைக் கொண்டாட ஆண்டுதோறும் அந்நாளில் தீ வளர்த்தனர். சிறுவர்கள் கந்தையாடை அணிவித்த கொடும்பாவியைத் தெருவில் வைத்து, அந்தக் 'கை'க்காக ஒரு பென்னி தரும்படி கேட்டுத் திரிந்தனர். பின்னர் அலங்கோலமாக உடுத்தவன் 'கை' எனப்பட்டான். அமெரிக்காவிலோ இகழ்ச்சி நீங்கி, எந்த ஆடவனையும் குறிக்கும் சொல்லாயிற்று. அப்பொருளோடு அது மீண்டும் இங்கிலாந்து வந்து சேர்ந்துள்ளது. கொடும்பாவியின் கதையை ஒருமுறை கேட்ட மாணவன் இச்சொல்லை மறப்பதில்லை. அகராதியைப் பத்துமுறை புரட்டினும் இப்பயன் கிட்டாது.

'டீ' என்னும் எளிய சொல்லும் ஏமாற்றும். வட இங்கிலாந்திற் பல வீடுகளில் 'டீ' என்பது மாலை உணவு. 'டின்னர்' நண்பகல் உணவு. தேநீர் மட்டுமே என்றெண்ணி வயிறார உண்டுவிட்டுச் சென்றவன் நிலை இரங்கத்தக்கது.

ஆயினும், கொச்சைச் சொற்களைக் கேட்டு விளங்குதல் வேறு. அவற்றைத் தானே எடுத்தாளுதல் வேறு. பிறநாட்டான் வாயில் அவை பெரும்பாலும் ஒட்டுவதில்லை. பேணாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணொருத்தி செம்மையான உச்சரிப்பைக் கற்றுக் கனவான் வீட்டு விருந்துக்கு வருகிறாள். வானிலை பற்றிப் பிழையின்றிப் பேசுகிறாள். அடுத்து, தன் சிற்றன்னையின் சாவைப் பற்றித் தெருமொழியிற் கூறத் தொடங்குகிறாள். புறப்படுகையில் அவள் உதிர்த்த இழிசொல் ஒன்றைக் கேட்டு, 1914இல் இலண்டன் அரங்கு நெடுநேரம் சிரித்தது. பின்னர் நாகரிகமுடையோர் அவ்விழிசொல்லைச் சொல்ல நாணி, அதன் இடத்தில் 'பிக்மேலியன்' என்னும் நாடகப் பெயரையே வைத்து வேடிக்கையாகப் பேசினர். நன்னூலார் இதனை இடக்கரடக்கல் என்பார்.