எச்சிலில் தேடுவது கிருமியை அல்ல

“எச்சிலை எடுத்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாமாமே? அப்படியானால் எச்சில் வழியாகவும் அது பரவும்தானே?” பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்களிடமிருந்து இப்படி ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இதற்கு நாம் தெளிவாக விடை சொல்லாவிட்டால், ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்த தோழியிடமிருந்து ஒரு குழந்தை விலகி நிற்கத் தொடங்கும்.

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்ததும், நம் நோய்த்தடைக்காப்பு மண்டலம் அதற்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. இந்தப் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருள்களைத்தான், வைரஸை அல்ல. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் ஈறு, கன்னத்தின் உட்புறச் சவ்வு வழியாகச் சிறிதளவு வாய்க்குள் கசிகின்றன. எச்சிலில் வைரஸின் அளவோ மிகக் குறைவு. அதைத் தடுக்கும் புரதங்களும் எச்சிலிலேயே உண்டு. ஆகவே, தம்ளரைப் பகிர்வதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை.

மாதிரியைத் துப்பி எடுப்பதில்லை. துப்பும் எச்சிலில் எதிர்ப்பொருள்கள் நீர்த்துப்போய் இருக்கும். அமெரிக்காவில் 1994இல் அனுமதி பெற்ற ‘ஓராஷூர்’ முறையில், உப்பு ஏற்றிய சிறு பஞ்சுப்பட்டையைக் கீழ்க் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் 2 முதல் 5 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு அதைப் பதப்படுத்தும் திரவம் உள்ள குப்பியில் போட்டு மூடுகிறார்கள். வாயில் உள்ள பாக்டீரியாக்களும் நொதிகளும் எதிர்ப்பொருளைச் சிதைத்துவிடாமல் இந்தத் திரவம் காக்கிறது.

இம்மாதிரியை 4 முதல் 37 டிகிரி செல்சியஸில் வைத்து, எடுத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் பரிசோதித்துவிட வேண்டும். தஞ்சாவூரின் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு எடுக்கும் ஒரு பிடி நெல்லை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பிடி நெல் நனைந்துபோனால் மூட்டையின் ஈரப்பதமும் தவறாகத்தான் தெரியும். பாதுகாப்பாக வைக்கப்படாத எந்த மாதிரிக்கும் இது பொருந்தும்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து வேலூருக்குக் கொண்டுசென்றார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரியவந்தது.

வாய்நீர்ப் பரிசோதனை முதற்கட்டச் சோதனை மட்டுமே. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகாததால் ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ‘இருக்கிறது’ என்று காட்டினாலும் இரத்தப் பரிசோதனையில்தான் உறுதி செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் இரத்தப் பரிசோதனையும் இலவசம். ஐயங்களைக் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு.

எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10இல். அதன்படி, கல்வி பெறுவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றுள்ள குழந்தையைப் பள்ளியில் பாகுபடுத்தக் கூடாது. யாருக்குத் தொற்று என்று விசாரிப்பது நம் வேலை அன்று. ஒரு குழந்தையைப் பற்றி நமக்குத் தெரியவந்தால், அதை ஆசிரியர் அறையில்கூடப் பேசக் கூடாது. எச்சில் பற்றிய அந்தக் கேள்வியை மாணவர் கேட்கும்வரை காத்திருக்காமல், பாடத்தின்போது நாமே எழுப்பி விடை சொல்லிவிடுவது நல்லது.