துருப்பிடித்த காருக்கு 1,07,000 யூரோ! ஏன்?



எங்க ஆடிட்டர் தொழில்ல கார்னாலே தேய்மானம்தான். வருமான வரிக் கணக்குல வருஷம் 15% கழிச்சுக்கிட்டே வந்தா, 10 லட்ச ரூபாய் கார் 50 வருஷத்துல 300 ரூபாய்க்கும் கீழே வந்துடும். ஆனா 50 வருஷப் பழைய கார் ஒன்றுக்கு, துருப்பிடித்த நிலையிலேயே, 1,07,000 யூரோ கொடுத்தாங்க. எப்படின்னு பார்ப்போம்.

2014-ல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் ஒரு டிவி குழு, பழைய கொட்டகை ஒன்றில் இரண்டு போர்ஷே கார்களைப் பார்த்தது. ஒன்று 1968-ன் தங்க நிற 911 எல். இன்னொன்று சிவப்பு, முன்பக்க மட்கார்டே இல்லை, தரைத்தகடு துருப்பிடிச்சுப் போச்சு. போர்ஷே மியூசியம் இரண்டையும் வாங்கியது. விலையைச் சொன்னவர் வெளியாள், சுதந்திரமான மதிப்பீட்டாளர். தங்க நிறக் காருக்கு 14,500 யூரோ. சிவப்புக்கு 1,07,000. ஒரே கொட்டகை, ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

காரணம் ஒரு நம்பர்

சிவப்பு காரின் சேஸிஸ் நம்பர் 300 057. போர்ஷே தன் புது மாடலை 1963 பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் '901' என்ற பெயரில்தான் அறிமுகப்படுத்தியது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்களுக்கு பிரான்ஸில் உரிமை எங்களுக்குத்தான் என்று பூஜோ கம்பெனி எதிர்ப்பு தெரிவித்தது. 1964 நவம்பரில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது. 901, '911' ஆனது. அதுக்குள்ள 901-ஆகத் தயாரானவை 82 கார்கள் மட்டுமே. அதில் 57-வது இது. மியூசியத்திடமே அப்படி ஒரு கார் இல்லை!

நாம கேட்க வேண்டிய மூணு கேள்வி

1. ஆரம்பகாலத் தயாரிப்பு என்பதற்கு ஆதாரம் என்ன? விற்பவர் வாய்வார்த்தை போதாது. சேஸிஸ் நம்பர் தயாரிப்புப் பதிவோடு ஒத்துப்போகணும். நம்மூர் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் மாதிரிதான்.

2. அந்தத் தொடக்கத்துக்குப் பின்னாடி என்ன நடந்தது? 911 இன்றுவரை விற்பனையில் இருக்கு. அந்த மாடல் அப்பவே தோத்திருந்தா, இதுவும் பத்தோடு பதினொன்றாக ஒரு பழைய கார்தான். 'முதல்' என்பதற்கு மதிப்பு வருவது, அதன் பின்னால் ஒரு வரலாறு வளரும்போதுதான்.

3. அசல் எவ்வளவு மிச்சம்? மியூசியம் மூணு வருஷம் உழைச்சு, முடிந்த இடத்திலெல்லாம் பழைய பாகங்களையே காப்பாற்றி, இல்லாததுக்கு அதே காலத்துப் பாகங்களைப் பொருத்தியது. 2017 டிசம்பரில்தான் காட்சிக்கு வைத்தது. எல்லாத்தையும் புதுசா மாத்தினா, எந்த வரலாற்றுக்காகக் காசு கொடுத்தோமோ அதுவே போயிடும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு "பழசுன்னா தங்கம்"னு கிளம்பிடாதீங்க. பக்கத்துல நின்ன 911 எல்-ஐயும் மறக்காதீங்க. அதுவும் பழசுதான், அதுவும் போர்ஷேதான். பழமைக்குக் கிடைச்சது 14,500. அதுக்கு மேல கிடைச்ச 92,500 யூரோ, நிரூபிக்க முடிந்த வரலாற்றுக்கு.

உங்க வீட்டுல பழைய வண்டி இருந்தா, முதல்ல ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்க. பாலிஷ் அப்புறம் போட்டுக்கலாம்!