எந்த லென்ஸ் வாங்குவது?

பெங்களூரில் உள்ள பழைய பகுதி அல்சூர். தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம். இங்கே பெரிய ஏரி இருக்கிறது. சோமேசுவரர் கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றிக் குறுகலான தெருக்கள் இருக்கின்றன. புதிதாகப் படம் எடுக்கப் பழகுபவருக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

கோயில் கோபுரத்தை முழுவதும் எடுக்க வேண்டும். ஆனால் பின்னால் நகர இடம் இல்லை. முதுகில் கடைச் சுவர் இடிக்கிறது. இங்கே அகன்ற காட்சி தரும் லென்ஸ் வேண்டும். ஏரியின் நடுவே சிறு தீவுகள் உள்ளன. அங்கே மரத்தில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் வேண்டும்.

லென்ஸின் மேல் எண் எழுதியிருக்கும். 18, 50, 300 என்று இருக்கும். இதை எம்.எம். கணக்கில் சொல்வார்கள். எண் சிறியது என்றால் காட்சி அகலும். எண் பெரியது என்றால் தூரத்துப் பொருள் கிட்டே வரும்.

அப்படியானால் பெரிய எண்தானே நல்லது? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீண்ட லென்ஸைக் கண்டால் ஊராருக்கும் மதிப்பு வருகிறது! அதற்காகக் கடன் வாங்குபவர்களும் உண்டு. பிறகு பத்தடி அறையில் பெயர் சூட்டு விழாவுக்கு அழைப்பு வரும். 300 எம்.எம். லென்ஸில் குழந்தையின் முகம் மட்டும் தெரியும். தாய் தெரியமாட்டாள். கூலி கிடைக்காது. வட்டி மட்டும் ஏறும்.

ஆன்றி கார்த்தியே-பிரெசோன் என்பவர் பிரான்சு நாட்டுக்காரர். உலகப் புகழ் பெற்ற படக்கலைஞர். 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 எம்.எம். லென்ஸ் ஒன்றைத்தான். பெரிதாக வேண்டும் என்றால் அவரே கிட்டே நடந்து போவார்.

அவருடையது பிலிம் கேமரா. இன்று விலை குறைந்த டிஜிட்டல் கேமராக்களில் படம் பதியும் தகடு அந்தப் பிலிமைவிடச் சிறியது. அதனால் காட்சி குறுகிவிடும். 50 எம்.எம். லென்ஸ், 75 அல்லது 80 எம்.எம். போல வேலை செய்யும். அறைக்குள் எடுக்க 35 எம்.எம். வசதி. முகத்தை மட்டும் எடுக்க 50 நல்லது. முகப் படத்துக்கு 18 எம்.எம். வேண்டாம். மிகவும் கிட்டே போக வேண்டிவரும். மூக்கு பெரிதாகத் தெரியும்.

இன்னொரு எண்ணும் உண்டு. அது எஃப் எண். 1.8, 3.5, 5.6 என்று இருக்கும். இது ஒளி நுழையும் வாயிலின் அளவு. இங்கே கணக்கு தலைகீழ். எண் சிறியது என்றால் வாயில் பெரியது. 5.6ஐவிட 1.8இல் ஏறக்குறைய 10 மடங்கு ஒளி நுழையும். அல்சூரில் இரவில் பூப்பல்லக்கு ஊர்வலம் வரும். அப்போது இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். எண் 1.8 உள்ள லென்ஸில் குறைந்த வெளிச்சத்திலும் முகங்கள் பளிச்சென்று விழும்.

கேமராவோடு 18-55 லென்ஸ் ஒன்று சேர்ந்து வருவது வழக்கம். அதை மட்டமானது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் அதிலேயே எடுக்கலாம். அதிகம் எடுத்தது எந்த எண்ணில் என்று பிறகு பார்க்கலாம். அடுத்த லென்ஸ் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். முதலில் அது தன் கேமராவில் பொருந்துமா என்று மாட்டிப் பார்க்க வேண்டும். நிக்கான் கேமராவில் கேனான் லென்ஸ் நேராகப் பொருந்தாது. பிறகு டார்ச் விளக்கை லென்ஸுக்குள் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் அது வேண்டாம்.

வாங்கிய லென்ஸை மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட வேண்டும். தூசி படிந்தால் முந்தானையாலோ சட்டையாலோ துடைக்கக் கூடாது. கண்ணாடியில் கீறல் விழும். முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்கிவிட்டு, அதற்கென்று உள்ள மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.