உங்களுக்குத் தெரியுமா? பாலில் மருந்து சுரக்கும் ஆடு!

செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். மரபணுவைப் பார்க்க அப்படி வழியில்லை. மனித மரபணுவைச் சுமக்கும் வெள்ளாடும் உருவத்தில் சாதாரண ஆடுதான்.

அந்த மரபணு எப்படி உள்ளே போகிறது? கருவுற்ற முட்டையில் தாய், தந்தை உட்கருக்கள் ஒன்றுசேராமல் நிற்கும் சில மணி நேரம்தான் வாய்ப்பு. ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மயிரைவிட மெல்லிய ஊசி, உட்கருவுக்குள் மரபணுக் கரைசலைச் செலுத்தும். உட்கரு லேசாக உப்பினால் ஊசி சரியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்! 1980இல் எலியிலும், 1985இல் முயல், செம்மறி, பன்றியிலும் இது பலித்தது. ஆனாலும் பெரும்பாலான முட்டைகள் வீணாகும். மரபணு எங்கே ஒட்டும் என்பதும் நம் கையில் இல்லை.

இப்படி உருவான ஆடுகளின் பாலிலிருந்து எடுத்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் மருந்துக்கு 2006இல் ஐரோப்பாவும் 2009இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன.

காஷ்மீரில் 2024 டிசம்பரில் பிறந்த 'தர்மீம்' செம்மறிக்குட்டி வேறு ரகம். அதில் அந்நிய மரபணுவே இல்லை. சொந்த மரபணு ஒன்றைத்தான் திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.