முன்பின் அறியாதவரை நகைக்கலாமா?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாத குடும்பம் நம் பகுதியில் அரிது. அங்கே கூண்டிலுள்ள குரங்கைச் சீண்டுவதும், உறங்கும் புலியைக் கூச்சலிட்டு எழுப்புவதும் வெறும் குறும்புகள் அல்ல, அவை குற்றங்கள். உயிரியல் பூங்காவிலுள்ள எந்த விலங்கையும் சீண்டவோ, துன்புறுத்தவோ, ஓசை எழுப்பி அலைக்கழிக்கவோ கூடாதென்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திட்டவட்டமாகத் தடை செய்துள்ளது. வாயற்ற உயிரையும் வேடிக்கைப் பொருளாக்கி வதைத்தல் தகாது என்பது இதன் கருத்து.

அப்பூங்காவை விட்டு இரயில் நிலையத்திற்கு வருவோம். கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் மின்சார இரயிலில் இவ்வாறு ஒன்று நடப்பதாக வைத்துக் கொள்வோம். நாள் முழுதும் உழைத்துக் களைத்த அம்மாள் ஒருவர் சன்னலோரம் வாய் திறந்தபடி உறங்குகிறார். பருத்த உடல், கலைந்த கூந்தல். எதிரே நிற்கும் இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் அவரைப் படம் பிடிக்கிறான்; நகைப்பூட்டும் ஒரு வரியை அதன் கீழ் எழுதி இன்ஸ்டாகிராமில் இடுகிறான். வண்டி தாம்பரத்தை அடையுமுன் பலர் அதைக் கண்டு சிரித்துவிட்டனர். சிலர் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டனர். அந்த அம்மாள் இன்னும் கண் விழிக்கவில்லை.

இது அவதூறா? நம் பிள்ளைகளின் கைகளிலெல்லாம் கைப்பேசி தவழும் இந்நாளில், ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

சட்டம் சொல்வது என்ன?

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவாக இருந்த அவதூறுச் சட்டம், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக விளங்குகிறது. ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் கருத்துடனோ, கேடு விளையும் என அறிந்தோ, அவர்மீது ஒன்றைச் சுமத்திப் பிறர் அறிய வெளியிடுவதே அவதூறு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம், இவ்விரண்டும், அல்லது சமுதாயப் பணி ஆகியவை அதற்குரிய தண்டனைகள்.

ஆயினும், எது நற்பெயருக்குக் கேடு என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஒருவருடைய ஒழுக்கம், அறிவு, சாதி, தொழில், நாணயம் ஆகியவற்றில் அவரைப் பிறர் கண்முன் தாழ்த்துவதாக இருத்தல் வேண்டும். அல்லது அவருடைய உடல் அருவருக்கத்தக்க நிலையிலோ, இழிவெனக் கருதப்படும் நிலையிலோ இருப்பதாகப் பிறர் நம்பச் செய்வதாக இருத்தல் வேண்டும். இந்தக் கடைசிச் சொற்கள் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, உடலைப் பற்றிய பேச்சும் அவதூறாகக் கூடும் என்று சட்டம் கண்டிருக்கிறது.

அப்படியானால் இரயிலில் உறங்கிய அம்மாளின் நிலை என்ன? "எவ்வளவு பருமன்!" என்று மட்டும் எழுதியிருந்தால், அது பண்பற்ற செயலேயன்றி அவதூறு என்று நிலைநாட்டுவது எளிதன்று. "குடித்துவிட்டுக் கிடக்கிறாள்" என்று எழுதியிருந்தால், அது ஒழுக்கத்தின்மீது வீசிய சேறு. அவதூறின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. தோலில் வெண்புள்ளிகள் உடைய ஒருவரைப் படமெடுத்து, அருகில் சென்றால் தொற்றிக்கொள்ளும் என்று எழுதினாலும் அவ்வாறே. "விளையாட்டாகத்தானே எழுதினேன்" என்பதும் தப்பும் வழியன்று. எள்ளலாகக் கூறியதும் அவதூறாகலாம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. "உண்மையைத்தானே சொன்னேன்" என்பதும் போதாது. குற்றவியல் சட்டத்தில் உண்மை மட்டும் காப்பாற்றாது. அதை வெளியிடுவது பொது நன்மைக்குத் தேவையாக இருந்திருக்கவும் வேண்டும். அறியாத ஒருவரின் பருமனை ஊரறியச் செய்வதால் எந்தப் பொது நன்மை விளையப் போகிறது?

நீதிபதிகளே வேறுபட்ட வழக்கு

இவ்வினா பிற நாடுகளின் நீதிமன்றங்களிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் நியூயார்க் அமெரிக்கன் என்ற நாளிதழ், பரிணாமக் கொள்கை பற்றிய கட்டுரையொன்றில் கொரில்லாவின் படத்தோடு ஸ்பிஸ்கோ என்ற மற்போர் வீரரின் படத்தையும் அச்சிட்டு, இருவரின் உடலமைப்பையும் ஒப்பிட்டது. அது அவதூறாகக் கூடியதே என்று 1930-இல் நியூயார்க் மேல்முறையீட்டு மன்றம் கூறியது.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. ஸ்டீவன் பெர்க்காஃப் என்ற நடிகரை அருவருப்பான தோற்றமுடையவர் என்னும் பொருள்பட ஜூலி பர்ச்சில் என்ற எழுத்தாளர் 1994-இல் ஒரு வார இதழில் இரு முறை எழுதினார். மேல்முறையீட்டு மன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்தனர். 1996-இல் அவர்களுள் இருவர், மக்கள் முன் தோன்றிப் பிழைக்கும் ஒருவரை இவ்வாறு எழுதுவது அவரை ஏளனத்திற்கு ஆளாக்கும். ஆகவே அவதூறாகக் கூடும் என்றனர். மூன்றாமவரோ, இது மலிவான கேலியே தவிர நற்பெயரைப் பறித்ததாகாது என்று மாறுபட்டார்.

கற்றறிந்த நீதிபதிகளே ஒருமித்துக் கூற இயலாமற்போனதற்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் ஒருவரைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதையே அவதூறுச் சட்டம் அளக்கிறது. நடிகருக்கு உலகறிந்த பெயர் உண்டு. இரயிலில் உறங்கிய அம்மாளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கோ அவர் பெயரே தெரியாது. அவருக்கு நேர்ந்தது வேறு வகையான இழப்பு. நாளை அண்டை வீட்டுப் பெண்ணோ, உடன் வேலை செய்பவரோ அந்தப் படத்தைக் காட்டும்போது அவர் நெஞ்சு குன்றுமே, அதை அளக்கும் கோல் அவதூறுச் சட்டத்திடம் இல்லை.

வேறு வழிகளில் சில வேளை நீதி கிட்டுகிறது. 2016-இல் டானி மேதர்ஸ் என்ற அமெரிக்க வடிவழகி, லாஸ் ஏஞ்சலீஸ் நகர் உடற்பயிற்சிக் கூடத்தின் குளியலறையில் 70 வயது மூதாட்டி ஒருவரை அவரறியாமல் படமெடுத்துக் கேலி வரியோடு வெளியிட்டார். அவர்மீது தொடரப்பட்டது அவதூறு வழக்கன்று. அந்தரங்கத்தை மீறிய வழக்கு. தெருச் சுவர்களின் கிறுக்கல்களை 30 நாள் துடைக்குமாறு 2017-இல் அவர் பணிக்கப்பட்டார். நம் நாட்டிலும், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் கூறும் சொல்லும் செய்யும் செயலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவின்படி குற்றம். மாற்றுத்திறனாளி ஒருவரைச் சிறுமைப்படுத்தும் கருத்துடன் பொதுமக்கள் காணும் இடத்தில் இழிவுசெய்வோருக்கு, 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் குறைந்தது ஆறு மாதச் சிறையை விதிக்கிறது.

அனுப்பியவரும் பொறுப்பாளியே

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பிறர் பதிவொன்றை 2018-இல் தம் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார்; பின்னர் அதை நீக்கி மன்னிப்பும் கோரினார். எனினும், ஒரு செய்தியை அனுப்புகிறவர் அதன் உள்ளடக்கத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கை நீக்க மறுத்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைத் திரும்ப அழைக்க இயலாது அன்றோ?

திருச்சபை காட்டும் தெளிவு

சட்டம் தயங்கி நிற்கும் இடத்தில் நம் திருச்சபையின் மரபு தெளிவாகப் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினார், நாவினால் அயலாருக்கு இழைக்கும் தீமைகளைத் தம் இறையியல் தொகுப்பில் வகை பிரித்துக் காட்டுகிறார். நேரில் வைதல் ஒருவரின் மதிப்பைப் பறிக்கிறது. புறங்கூறுதல் நற்பெயரைப் பறிக்கிறது. கோள் சொல்லுதல் நட்பைப் பறிக்கிறது. ஏளனம் செய்தல் இவற்றினின்று வேறான தனிப் பாவம். அது ஒருவரை நாணிக் குன்றச் செய்து அவரது உள்ளத்தின் அமைதியையே பறிக்கிறது. சிறு குறையைக் குறித்து விளையாட்டாக நகைப்பது அற்பப் பாவமாக இருக்கலாம். ஆனால் இன்னொருவரின் துன்பம் ஒரு பொருட்டே அன்று எனும் அளவுக்கு அவரை அவமதித்து நகைப்பது சாவான பாவமாகும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

முன்பின் அறியாத ஒருவரை நகைப்பவன் செய்வது பெரும்பாலும் இதுதான். அவனுக்கு அந்த அம்மாள்மீது பகையில்லை, கோபமில்லை. அவர் வருந்துவாரா என்ற எண்ணமே அவனுக்கு எழவில்லை. பகைவனாவது எதிரியை மனிதனாக மதித்து வெறுக்கிறான். இவனோ அவரை வெறும் காட்சிப் பொருளாக்கிவிட்டான்.

துக்க தேவ இரகசியங்களில் மூன்றாவதை நாம் செபமாலையில் தியானிக்கும்போது இதை நினைவுகூர்தல் நலம். நம் ஆண்டவருக்கு முள்முடி சூட்டிய படைவீரர்களுக்கு அவர் யாரோ ஓர் அந்நியர். அவர்மீது அவர்களுக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை. செந்நிறப் போர்வை அணிவித்துக் கோலம் புனைந்து, முழந்தாளிட்டு நகைத்தார்கள். அதற்கு முன் அவர்கள் செய்த ஒன்றை மத்தேயு நற்செய்தி குறித்து வைத்திருக்கிறது: தங்கள் படைப்பிரிவு முழுவதையும் அங்கே கூட்டினார்கள். ஏளனத்திற்குக் கூட்டம் வேண்டும். அன்று அரண்மனை முற்றத்தில் கூட்டினார்கள். இன்று குழுக்களில் கூட்டுகிறார்கள்.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா என்று கேட்கலாம். எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலரான புனித பிரான்சிஸ்கு சலேசியார், ஏளனத்தை வன்மையாகக் கண்டித்தவர். அதே வேளையில், நண்பர்கள் தங்களுக்குள் பேசி மகிழும் கள்ளமற்ற நகைச்சுவையை அவர் வரவேற்றார். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையும் அறியும்: ஒன்றில் எல்லாரும் சிரிக்கிறார்கள், மற்றொன்றில் ஒருவர் மட்டும் சிரிப்பதில்லை.

சிரிக்க முடியாத அந்த ஒருவர்

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாணவியின் படம் நாளிதழ்களில் வெளிவந்தது. அவள் மதிப்பெண்களைப் போற்ற வேண்டிய வேளையில், முகத்திலிருந்த உரோமத்தைச் சுட்டி முன்பின் அறியாதோர் பலர் நகைத்தனர். ஓரிரு மதிப்பெண் குறைவாகப் பெற்றிருந்தால் இந்த ஏளனத்திற்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்று அச்சிறுமி பின்னர் கூறினாள். படித்ததற்காக ஒரு பிள்ளை வருந்தும்படி செய்துவிட்டோமே!

உடலில் கொழுப்புச் சேராத அரிய பிறவிக் குறைபாட்டுடன் அமெரிக்காவில் பிறந்தவர் லிசி வெலாஸ்கெஸ். அவரது 17-ஆம் வயதில், உலகிலேயே அழகற்ற பெண் என்ற தலைப்பில் தம்மைக் காட்டும் எட்டு நொடிப் படமொன்றை யூடியூபில் தற்செயலாகக் கண்டார். 40 இலட்சம் முறைக்கு மேல் அது பார்க்கப்பட்டிருந்தது. நீ ஏன் உயிரோடு இருக்கிறாய் என்றெல்லாம் எழுதியிருந்தனர். கத்தோலிக்கரான அவர் தம் பெற்றோரின் அன்பாலும் விசுவாசத்தாலும் தேறி எழுந்து, இத்தகைய கொடுமைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசும் பேச்சாளரானார். எழ முடியாமற்போனவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

ஈடு செய்வது எவ்வாறு?

பிறர் பொருளைத் திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. பொருளைத் திருப்பித் தரவும் வேண்டும். நீதிக்கும் உண்மைக்கும் எதிராக இழைத்த ஒவ்வொரு குற்றத்திற்கும் ஈடு செய்யும் கடமை உண்டென்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2487-ஆம் எண்ணில் போதிக்கிறது. மன்னிப்புக் கேட்க ஆளையே அறியாதபோது எவ்வாறு ஈடு செய்வது? பதிவை நீக்குவது முதற்படி. எவரெவர் சிரித்தார்களோ அவர்கள் முன்னிலையிலேயே "நான் செய்தது தவறு, இதை அழித்துவிடுங்கள்" என்று எழுதுவது இரண்டாவது படி. அனுப்பிய குழுக்களிலெல்லாம் அதைத் தொடர்ந்து சென்று தடுப்பது மூன்றாவது படி. அந்த அம்மாளைப் போன்று இகழப்படுவோர் ஒருவருக்கேனும் துணை நிற்பது நான்காவது.

நம் வீட்டார் ஒருவரே இதற்கு இலக்கானால், பதிலுக்கு ஏசுதல் வேண்டா. அந்தப் பதிவையும் அதன் நாளையும் முகவரியையும் படமாகச் சேமித்து வைத்து, அந்த ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முறையிடலாம். அவதூறு வழக்கெனில், பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் மன்றத்தில் புகார் அளிக்க வேண்டும். இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கை ஓராண்டிற்குள் தொடர வேண்டும். பிள்ளைகளாயின் 1098, பெண்களாயின் 181 என்ற தொலைபேசி உதவியையும் நாடலாம்.

பெற்றோரே, உங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த முறை அறியாத ஒருவரின் உருவத்தைக் கேலி செய்யும் படம் வரும்போது, பிள்ளைகள் உங்கள் விரலைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். நீங்கள் சிரிக்கும் குறியை அழுத்தினால் அவர்களும் அழுத்துவார்கள். "இவரும் ஒரு வீட்டின் தாய், இதை அழித்துவிடுவோம்" என்று நீங்கள் எழுதினால், மறைக்கல்வி வகுப்பில் பல மாதம் கற்பதை அவர்கள் அந்த ஒரு வரியில் கற்றுக்கொள்வார்கள்.